சுவீடன்காரனுக்குப் பொருத்தம் பார்த்த கோடை

ஐஸ் ஹொக்கி ஆடும் ஒரு சுவீடன்காரனுக்கும் எங்கள் நகரத்து அணியின் கப்டனுக்கும் நான் கலியாணப் பொருத்தம் பார்த்திருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்துநான்கு. கணக்கியலில் பட்டம் இருக்கிறது. வீட்டில் நான்கு அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியையாவது வாசித்திருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இங்கே கனடாவில், ஸ்காபரோ சாத்திரியார் ஒருவரின் பேஸ்மென்ற்றில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கப்டனின் பிறந்த திகதியைப் ‘பெண்’ என்று போட்டிருந்த கட்டத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்.

பத்துக்கு ஏழு பொருந்தியது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் மிசிசாகாவில் வேலையில் இருந்திருக்க வேண்டும். இருக்கிறேன் என்றுதான் என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் மூன்றாம் கிழமை என் வேலை போயிருந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பொதிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிற கம்பனி. அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். என்னைக் கூப்பிட்டுச் சொன்ன பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை. மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். நான் எடுக்கவில்லை. அவள் ஏமாந்துபோனது மாதிரி இருந்தது, அதனால் மரியாதைக்கு ஒன்றை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். கார் நிறுத்தும் அட்டையை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன்.

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட பிறகு கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்துகொண்டிருந்தபோது வானொலியில் விளையாட்டுச் செய்தி போனது. எங்கள் அணி தன் பழைய தடுப்பாட்டக்காரன் ஒருவனை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, யாரென்றே இன்னும் தெரியாத ஒரு பதினெட்டு வயதுப் பொடியனைப் பிறகொருநாள் தெரிவு செய்யும் உரிமையை வாங்கியிருந்தது. அந்தத் தடுப்பாட்டக்காரனுக்கு வேகமில்லை, வயதும் போய்விட்டது; இரண்டு வருடமாக அவனை அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவனே நான்தான். ஆனாலும் ஸ்டீயரிங்கில் கையால் ஓங்கி அடித்தேன். ஹோர்ன் அடித்தது. முன்னால் போன லொறிக்காரர் கைகாட்டித் திட்டினார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்.

“ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“உவங்கள் அவனை அனுப்பிப்போட்டாங்கள்.”

“ஆரை?”

சொன்னேன். அவன் எந்தப் பக்கம் ஆடுபவன், எத்தனை வருடம் இருந்தான் எல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, “சோறு போடவோ?” என்றாள்.

மறைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் அது உண்மை. முதல் நாள் அந்தத் தடுப்பாட்டக்காரனைப் பற்றிச் சொல்லி முடிந்தபோது வாயில் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த நாள் காலை எலாம் அடித்தது, எழும்பினேன், குளித்தேன், அவள் கட்டித்தந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். பொருள்வயிற் பிரிந்த தலைவனைப் பற்றி நம் இலக்கியத்தில் எவ்வளவோ இருக்கிறது. நான் பிரிந்துபோன தூரம் ஐந்து கிலோமீற்றர். ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாசாவின் மூலையில் இருந்த கோப்பிக் கடைவரை.

கம்பனி சில மாதங்களுக்குச் சம்பளத்தை வழமைபோல வங்கியில் போட ஒப்புக்கொண்டிருந்தது, அதனால் அந்த வழியால் அவளுக்குத் தெரியவர வாய்ப்பில்லை. அது எனக்குக் கெட்ட காலம். முதல் நாளே சொல்லியிருந்தால் அது வேலை போன செய்தி. இரண்டாம் கிழமை சொன்னால் அது பொய் சொன்ன செய்தி. கிழமை கூடக்கூடப் பொய் வளர்ந்துகொண்டே போனது, வேலை போனது சின்ன விஷயமாகிவிட்டது. நாங்கள் குடும்பம் தொடங்கியது ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில். அங்கே ஒருவருக்கொருவர் ஒளிக்க இடமே கிடையாது. அந்தப் பழக்கத்திலேயே இருபத்தெட்டு வருடம் போய்விட்டது. வேறு யார் வாயிலிருந்தாவது அவள் இதைக் கேள்விப்படுவதற்கு முதல் நான் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் ஹொக்கியில் ஏதாவது நடந்திருந்தது.

கோப்பிக் கடையில் யன்னலோர மேசை ஒன்றில் மூன்று பேர் வழமையாக இருப்பார்கள். மூத்தவர் மாநகரப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்; எல்லாருக்கும் பஸ் அண்ணை. இரண்டாமவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், விமான நிலையத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே அங்கே வருவார். எங்கள் கோல் காப்பாளனுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவர். மூன்றாமவர் வீடு விற்கிறவர், எங்களில் இளையவர், பேசிக்கொண்டே கைத்தொலைபேசியில் யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் நான் எப்போதாவது அவர்களோடு இருந்து கதைத்ததுண்டு. இப்போது ஒவ்வொரு நாளும் வந்து உட்கார்ந்ததும் ஏன் என்று கேட்டார்கள்.

“லீவு,” என்றேன்.

“நல்லது,” என்றார் பஸ் அண்ணை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஏழு கிழமை லீவு எந்தக் கம்பனி கொடுக்கிறது என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடையில் அவர்களுக்கு அதைவிட முக்கியமான யோசனைகள் இருந்தன.

ஹொக்கி குளிர்காலத்து விளையாட்டு. எங்கள் அணி வசந்தத்தில் தோற்றுப்போகும், அது பங்குனி உத்தரம் மாதிரி வருடாவருடம் வருவது. கடைசியாகக் கோப்பை வென்றபோது நான் பிறந்திருக்கவில்லை. தோற்ற பிறகு அடுத்த ஐப்பசிவரை ஒரு ஆட்டமும் கிடையாது. ஆனால் உண்மையான இரசிகனுக்குப் பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. யாரை விடுவது, யாரை எடுப்பது, யாரை யாரோடு மாற்றுவது. ஜூலை முதலாம் திகதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம். அந்தப் பன்னிரண்டு மணிக்காக ஆறு கிழமை வாதாடுவோம். எங்களை யாரும் கேட்கவில்லை. அணியை நடத்துகிறவர்கள் அந்தப் பிளாசாப் பக்கம் வந்ததுமில்லை.

அந்தக் கோடையில் எங்கள் கப்டனின் இடதுபக்கம் காலியாக இருந்தது. அங்கே ஆட ஒரு சுவீடன்காரன் ஜூலை முதலாம் திகதி கிடைக்கக்கூடும் என்று கதை வந்தது. இருபத்தொன்பது வயது. ஆறடி மூன்று அங்குலம். வேறொரு நகரத்தில் ஆறு வருடம் ஆடியவன்.

“இருபத்தொன்பது வயசாகியும் ஏன் இன்னும் ஒரு இடத்தில நிலைக்கேல்லை?” என்றார் பஸ் அண்ணை. “ஏதோ குறை இருக்கு.”

“குறையில்லை அண்ணை. முதலிருந்த ரீமில அவனுக்கு இடம் குடுக்கேல்லை,” என்றார் வீடு விற்கிறவர்.

“எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். ‘பிழை அந்தப் பக்கம்தான், எங்கட பொடியன் தங்கம்’. நான் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளைக் கட்டிக் குடுத்தனான் தம்பி. எனக்குத் தெரியாதே? நல்லா விசாரிக்கவேணும்.”

“முழங்கால்ல ஒருக்கா ஒப்பரேசன் செய்தவன்,” என்றார் மன்னார்க்காரர்.

“பாத்தியளே! உதை முதல்ல சொல்லுறாங்களே? சொல்லமாட்டாங்கள். படத்தை மட்டும் அனுப்புவாங்கள்.”

“தாய் தேப்பன் ஆர்?” என்று நானும் கேட்டேன். கிண்டலாகத்தான் தொடங்கினேன். ஆனால் மன்னார்க்காரர் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னார்: தகப்பன் தீயணைப்புப் படையில் இருந்தவராம், தாய் ஆசிரியையாம். பஸ் அண்ணையின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“தாய் ரீச்சர் எண்டா அடக்கமாய் வளந்திருப்பான்.”

அந்த மேசையில் அப்படித்தான் வேலை நடக்கும். வெள்ளைக்கார இரசிகர்கள் புள்ளிவிபரங்களை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். எங்களிடமும் புள்ளிவிபரம் இருந்தது, ஆனால் அதை மாப்பிள்ளை வீட்டார் காட்டும் சான்றிதழ் மாதிரித்தான் மதித்தோம். குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி, முதலில் பேசிய இடம் ஏன் குழம்பியது? இவற்றைக் கேட்காமல் ஒரு வீரனையும் நாங்கள் அணிக்குள் எடுத்ததில்லை.

ஜூன் கடைசிக் கிழமை, திங்கட்கிழமை, வாதம் முற்றியது. சுவீடன்காரன் நல்ல வீரன் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆனால் கப்டனுக்கும் அவனுக்கும் ஒத்துவருமா? கப்டன் மெதுவாக யோசித்து ஆடுகிறவன். சுவீடன்காரன் எதிராளியை ஐஸ் தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையோடு வைத்து இடிக்கிறவன்.

“ரெண்டு பேரும் ஒரு லைனில நிண்டா வடிவாய் இருக்கும். கிச்சினும் லிவிங் ரூமும் சேந்த மாதிரி,” என்றார் வீடு விற்கிறவர்.

“நீர் கொஞ்சம் சும்மா இரும் ஐசே,” என்றார் மன்னார்க்காரர். “போன முறையும் உப்பிடிச் சொல்லித்தான் அந்த ரஷ்யனை எடுத்தவங்கள். கப்டனோட ஒரு வருசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம்.”

பஸ் அண்ணை கோப்பியை வைத்துவிட்டு, நீதிபதி மாதிரிச் சொன்னார்: “குறிப்பைப் பாத்தா முடிஞ்சுது அலுவல்.”

சாதகத்தை எங்களாட்கள் குறிப்பு என்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பஸ் அண்ணை சிரிக்கவில்லை. “என்ன சிரிப்பு? பிறந்த திகதி இன்ரநெற்றில கிடக்குது. பிறந்த ஊர் கிடக்குது. மூண்டு பிள்ளையளுக்கும் பாத்துத்தான் செய்தனான், மூண்டும் நல்லாத்தான் இருக்கினம். ஆர் போறது எண்டதுதான் கேள்வி.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். லீவில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

சாத்திரியார் வீடு பத்து நிமிடத் தூரம். பக்கவாட்டுக் கதவால் பேஸ்மென்ற்றுக்கு இறங்க வேண்டும். நல்ல மனிதர், கணினியில்தான் குறிப்பு எழுதுகிறார், அதற்கென்று மென்பொருள் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நாள் பார்த்துத் தந்தவர். அவருடைய மனைவியும் என் மனைவியும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். இதை நான் அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் யோசித்ததெல்லாம் இடதுபக்கத்தைப் பற்றித்தான்.

“ஆருக்குப் பாக்கிறியள்?”

“தெரிஞ்ச ஆக்களுக்கு.”

“ஓமோம்,” என்றார். அந்த ‘ஓமோம்’ இல் ஏதோ இருந்தது. பிறகுதான் விளங்கியது: பிள்ளைக்குக் குறிப்புப் பார்க்க இரகசியமாக வருகிற ஒவ்வொரு தகப்பனும் ‘தெரிஞ்ச ஆக்களுக்கு’ என்றுதான் சொல்கிறார். கப்டனுக்கும் என் மகளுக்கும் வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம் என்பதும் பிறகுதான் உறைத்தது.

ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இல்லாமல் அந்த மென்பொருள் வேலை செய்யாது. கப்டன் ஒன்ராறியோவில் பிறந்தவன், அதனால் அவனைப் பெண் வீட்டுப் பக்கம் போட்டேன். பிறந்த நேரம் இன்ரநெற்றில் இருக்கவில்லை. கப்டனுக்குக் காலை ஆறேகால், சுவீடன்காரனுக்குப் பின்னேரம் நாலரை என்று நானாகக் கொடுத்தேன்.

“பொடியன் பிறந்தது?”

“சுவீடன்.”

“அங்கையும் எங்கட சனம் இருக்குத்தானே. என்ன செய்யிறார்?”

“கொன்ராக்ற்றில வேலை. இந்த மாதக் கடைசியோட முடியுது.”

சாத்திரியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “கொன்ராக்ற் வேலை நிரந்தரமில்லையே.”

“இல்லை,” என்றேன். “நிரந்தரமில்லை.”

“பிள்ளை?”

“ரீம் ஒண்டை நடத்துறா.”

“மனேச்சர். நல்லது. பொடியன் உயரமோ?”

“ஆறடி மூண்டு.”

“எங்கட சனத்திலயோ?”

“அங்கத்தைச் சாப்பாடு,” என்றேன்.

அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். அச்சியந்திரம் இரண்டு பக்கம் கக்கியது. பொடியனுக்கு ராட்சத கணம், பிள்ளைக்கு மனித கணம், அது சரிவரவில்லை. வேறு இரண்டும் சரிவரவில்லை. மற்ற ஏழும் பொருத்தம். “ஆனா ஒண்டு. பொடியனுக்கு எட்டில செவ்வாய். அவசரப்படாதேங்கோ,” என்றார். கடதாசியை மடித்துத் தரும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: “இண்டைக்கு வேலை இல்லையோ?”

“லீவு.”

அங்கிருந்து காருக்கு நடந்தபோது, இந்த மனிதரிடமே உண்மையைச் சொல்லி, வீட்டில் சொல்ல ஒரு நல்ல நாள் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. காரில் ஏறியதும் அந்த எண்ணம் போய்விட்டது. எட்டில் செவ்வாய் என்பது முழங்காலைக் குறிக்குமா என்று யோசித்துக்கொண்டே கோப்பிக் கடைக்குப் போனேன்.

மேசையில் கடதாசி கைமாறியது. என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த அறிக்கையையும் யாரும் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

“ராட்சத கணமோ!” மன்னார்க்காரர், இதிலெல்லாம் நம்பிக்கையில்லாத கத்தோலிக்கர், மேசையில் தட்டினார். “அதுதானே எங்களுக்கு வேணும்! எங்கட ரீமில முழுப்பேரும் தேவ கணம். ஒருத்தனும் ஒருத்தனை இடிக்கிறானில்லை!”

“எட்டில செவ்வாய் எண்டா காயம்,” என்றார் வீடு விற்கிறவர். “இன்ஸ்பெக்சன் ரிப்போட் மாதிரி. அதைச் சொல்லிக் கொஞ்சம் பேரம் பேசலாம்.”

“செய்யலாம்,” என்று பஸ் அண்ணை தீர்ப்பளித்தார். “ஏழு காணும். எனக்கும் மனிசிக்கும் ஆறுதான்.”

ஜூலை முதலாம் திகதி கனடா தினம். எல்லாருக்கும் விடுமுறை என்பதால் நான் ஏழு கிழமையில் முதல்தடவையாக ஒரு வேலை நாளில் பொய் இல்லாமல் வீட்டில் இருந்தேன். அது விசித்திரமாக இருந்தது, வேறு யாருடைய வீட்டிலோ இருப்பதுபோல. பன்னிரண்டு மணியாகிப் பதினைந்து நிமிடத்தில் சுவீடன்காரன் வேறொரு அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டான். ஏழு வருடம். எங்கள் அணி அவனைக் கேட்கவே இல்லையாம்.

நாங்கள் நால்வரும் இருந்த வட்ஸ்அப் குழுவில் பஸ் அண்ணை குரற்செய்தி அனுப்பினார். பின்னால் இறைச்சி வாட்டும் சத்தம் கேட்டது. “எங்கட பக்கத்தில ஆரும் வாய் திறந்து கேக்கேல்லையாம். கேட்டாத்தானே பொம்பிளை குடுப்பினம்? அல்லது மாப்பிள்ளை. விசரங்கள்.”

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்தேன். அழுகை வந்தது. ஏழு கிழமையாக வராதது அந்த உயரமான, எனக்கு முன்பின் தெரியாத மனிதனுக்காக வந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அது எனக்காக வந்தது என்று யாராவது சொல்லலாம். நானும் அப்படி நம்ப முயன்று பார்த்தேன். இல்லை, அது இடதுபக்கத்துக்காகத்தான். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்து சோளம் வாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனைவி கோயிலிலிருந்து வந்தாள். அவள் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள், வெள்ளிக்கிழமை அரைநாள். மகள் சமையலறை மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். நான், வேலையிலிருந்து சற்று நேரத்தோடு வந்தவனாக, கதிரையில் இருந்தேன். மனைவி கைப்பையைக்கூட வைக்கவில்லை.

“இஞ்சருங்கோ. சுவீடன் மாப்பிள்ளை ஆர்?”

மகள் தலையைத் தூக்கினாள்.

“வட் மாப்பிள்ளை? யாருக்கு?”

“உமக்குத்தான் பிள்ளை. அப்பா குறிப்புப் பாத்திருக்கிறார். சாத்திரியார்ட மனிசி கோயில்ல எல்லாருக்கும் முன்னால கையைப் பிடிச்சுக்கொண்டு வாழ்த்துச் சொல்லுறா. ஏழு பொருத்தமாம். எட்டில செவ்வாயாம். பொடியன் ஆறடிக்கு மேலயாம். எனக்கு ஒண்டும் தெரியாது, நான் மரம் மாதிரி நிக்கிறன்.”

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? என்னைக் கேக்காம என்ட குறிப்பை யாருக்கோ குடுத்தீங்களா? திஸ் இஸ் சோ நொட் ஓகே!”

“உம்மட குறிப்பு இல்லை,” என்றேன்.

“அப்ப யார்ட?”

“கப்டன்ட.”

“எந்தக் கப்டன்?”

வேறு வழியில்லை. சொன்னேன். மகள் கைத்தொலைபேசியில் தட்டி ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முன்பல் இரண்டு இல்லாத தாடிக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். “இவரையா? யூ மேட் ஹிம் த பிரைட்?” ஓம் என்றேன். அவள் கதிரையிலிருந்து வழுக்கி, மேசைக்குக் கீழே போய், அங்கிருந்து சிரித்தாள். இப்படி அவள் சிரித்து வருடக்கணக்கு இருக்கும். ஒரு கணம், இது இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மனைவி சிரிக்கவில்லை.

“செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தவராம். லீவெண்டு சொன்னவராம். என்ன லீவு?”

பல்லுக்குப் போனேன் என்று சொல்லலாம். ஆனால் அவள் வேலை செய்வதே பல் வைத்தியரிடம்.

“வேலை இல்லை,” என்றேன்.

“அண்டைக்கோ?”

“மே மாதத்திலயிருந்து.”

மேசைக்குக் கீழே சிரிப்பு நின்றது. மகள் மெதுவாக எழும்பி வந்து நின்றாள். மனைவி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நெற்றியில் திருநீறு, தோளில் இன்னும் கைப்பை.

“அப்ப ஒவ்வொரு நாளும் எங்க போறனீங்கள்?”

“கோப்பிக் கடைக்கு.”

“அங்க என்ன செய்யிறது?”

“ஹொக்கி கதைக்கிறது.”

“இந்த வெயிலுக்குள்ள எங்க ஹொக்கி நடக்குது?”

“நடக்கேல்லை. அதைப் பற்றிக் கதைக்கிறது.”

“அந்தக் கடையில இருக்கிற ஆக்களுக்குத் தெரியுமோ, வேலை போனது?”

“இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப நானும் அந்தக் கடை ஆக்களும் உங்களுக்கு ஒண்டுதான்,” என்றாள்.

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எதையாவது பிடித்துக்கொள்ள இருந்திருக்கும். நான் அவளுக்கு முன்னால் நின்றேன். இந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். நல்ல புத்தகங்களில் இப்படியான இடத்தில் மனிதர்களுக்குப் பெரிதாக ஏதாவது தோன்றும். என் மூளையில் ஓடியது, இடதுபக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பது மட்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கமும் வரவில்லை.

“நான் பயந்துபோனன்,” என்றேன். அது உண்மையா என்று தெரியவில்லை. சொல்லக் கூடியதாக அது ஒன்றுதான் கிடைத்தது.

“பயந்தால் சொல்லுறதுக்குத்தானே ஆள் இருக்குது,” என்றாள் மனைவி. எழும்பி மேலே போனாள். மகள் எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் வைத்துவிட்டு, “அப்பா, ரெஸ்யூமே கடைசியா எப்ப எழுதினீங்க?” என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என்றேன். “ஓகே,” என்றாள், வைத்தியர் மோசமான படத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

அடுத்த நாள் சனிக்கிழமை. மனைவி காலையிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். “கறிவேப்பிலை முடிஞ்சுது” என்றாள், நான் போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சமையலறையில் அவள் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பது கேட்டது. மற்றப் பக்கத்தில் விட்பியிலிருந்து அவளுடைய அக்கா. அக்காவுக்கு என்னில் எப்போதும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அன்றைக்கு அவருக்கு வேலை வந்திருந்தது.

“ஏழு கிழமை எண்டா சும்மா விசயமில்லை,” என்றது அக்காவின் குரல். “ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப் போயிருக்கிறார். ஆம்பிளையள் உப்பிடிப் போறதெண்டா என்னத்துக்கெண்டு தெரியும்தானே. நல்லா விசாரி. வேற ஆரும் இருக்கினமோ எண்டு பார்.”

கறிவேப்பிலைக் கட்டோடு நான் அப்படியே நின்றேன். எனக்காக மனைவி வாதாடப் போகிறாள் என்று ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. கத்தி இரண்டு தரம் பலகையில் பட்டது.

“சீச்சீ, இல்லையக்கா,” என்றாள் அவள். “பொம்பிளை விசயம் எண்டால் அதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணுமே. இவர் உண்மையா ஹொக்கிதான் கதைச்சிருக்கிறார்.”